தாராவித் தமிழில் லத்தீன்

சாவி, ஜன்னல், மேசை, அலமாரி, பாவ், பகார். தாராவியில் வாழும் தமிழ்க் குடும்பம் நாள்தோறும் புழங்கும் இந்த ஆறு சொற்களும் லத்தீன் வம்சம். முதல் நான்கும் தெற்கிலிருந்து கூடவே வந்தவை. 16-ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையில் கால்வைத்த போர்த்துக்கீசியர் மூலம் தமிழில் சேர்ந்தவை. ரொட்டியைக் குறிக்கும் பாவும், சம்பளத்தைக் குறிக்கும் பகாரும் மும்பையில் சேர்ந்துகொண்டவை. 1534-இல் குஜராத் சுல்தானிடமிருந்து மும்பைத் தீவுகளைப் பெற்றவர்களும் போர்த்துக்கீசியர்தான். கொங்கணக் கரையில் அவர்கள் விட்டுச்சென்ற சொற்கள் மராத்தியில் நிலைத்து, அங்கிருந்து நம் வாய்க்கு வந்தன. ஒரே லத்தீன் இரண்டு கரைகள் வழியாக ஒரே வீட்டுக்குள் நுழைந்திருக்கிறது.

ஆங்கிலேயர் கொண்டுவந்தவையாக இருக்கலாமே என்று கேட்கலாம். ஆங்கிலத்திலிருந்து வந்திருந்தால் சாவி 'கீ' என்றும் ஜன்னல் 'விண்டோ' என்றும் அல்லவா வந்திருக்கும்? போர்த்துக்கீசியத்தில் அவை 'சாவே', 'ஜனேலா'. சாவிக்கு ஸ்பானிஷில் 'யாவே' என்கிறார்களே, இதில் என்ன உறவு என்பது அடுத்த கேள்வி. காதுக்கு உறவு தெரியாதுதான். மூலம் லத்தீனின் 'கிளாவிஸ்'. சொல்லின் தொடக்கத்தில் லகரத்தோடு கூடி நின்ற மெய் போர்த்துக்கீசியத்தில் சகரமாகவும் ஸ்பானிஷில் யகரமாகவும் திரிந்தது. தீச்சுடரைக் குறிக்கும் லத்தீன் 'ஃபிளம்மா' அங்கே 'சாமா', இங்கே 'யாமா'. ஆங்கிலத்தின் 'ஃபிளேம்' பழைய மெய்யை அப்படியே வைத்திருக்கிறது. காறை எலும்பை மருத்துவர்கள் 'கிளாவிக்கிள்' என்பதும் 'சின்னச் சாவி' என்ற பொருளில்தான். இப்படி ஒரே தடத்தில் பல சொற்கள் திரிவதுதான் உறவுக்குச் சான்று. வெறும் ஒலி ஒற்றுமை ஏமாற்றிவிடும்: ஸ்பானிஷ் 'முச்சோ', ஆங்கில 'மச்' இரண்டுக்கும் பொருள் ஒன்றே, ஆனால் உறவு இல்லை. போர்த்துக்கீசியர் தந்ததெல்லாம் லத்தீனும் அல்ல. வடா பாவில் பாவ் லத்தீன். உள்ளே இருக்கும் உருளைக்கிழங்கைக் குறிக்கும் படாட்டா கரீபியத் தீவுகளின் சொல்.

என் பார்வையில் ஆறிலும் அருமையானது பகார். லத்தீனில் 'பாக்ஸ்' என்றால் அமைதி. அதிலிருந்து 'பகாரே', அமைதிப்படுத்துவது. கடன் கொடுத்தவரைப் பணம் தந்து அமைதிப்படுத்தியதில் பொருள் மாறி, 'கொடுத்துத் தீர்ப்பது' ஆயிற்று. ஆங்கிலத்தின் 'பே', 'பீஸ்' இரண்டும் அதே வேரில் பிறந்தவை. லத்தீன் ரொட்டியான 'பானிஸ்' கதையும் சுவையானது: ரொட்டியைப் பகிர்ந்து உண்பவர்களின் கூட்டத்திலிருந்து வந்ததுதான் 'கம்பெனி'.

மாதுங்காவிலும் செம்பூரிலும் ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கு முதல் பாடத்தை வீட்டிலிருந்தே தொடங்குங்கள். ஸ்பானிஷில் ரொட்டி 'பான்', மேசை 'மேசா', பணம் கொடுப்பது 'பகார்'.