மதராசுக்கு வந்த மார்மன்கள்

மார்மன் சபையின் ஊழியர்கள் மதராசில் கால் வைத்தது 1853இல். சபைக்கே அப்போது வயது 23தான். ஜோசப் ஸ்மித் 1830 ஏப்ரல் 6 அன்று நியூயார்க் மாநிலத்தில் அதைத் தொடங்கினார். தேவதூதன் காட்டிய பொன் தகடுகளிலிருந்து மொழிபெயர்த்ததாக அவர் சொன்ன ‘மார்மன் புத்தகம்’ அதே ஆண்டு அச்சேறியது. 1844இல் இல்லினாய் மாநிலத்தில் ஒரு சிறையில் இருந்தபோது ஒரு கும்பல் அவரைச் சுட்டுக் கொன்றது. அவருக்குப்பின் பிரிகாம் யங் தலைமையில் புறப்பட்டவர்கள் 1847இல் சால்ட் லேக் பள்ளத்தாக்கில் குடியேறினார்கள்.

1852 ஆகஸ்டில் அங்கே கூடிய மாநாடு இரண்டு காரியங்களைச் செய்தது. உலகின் பல திசைகளுக்கும் ஊழியர்களை அனுப்பியது; பலதார மணம் தங்கள் வழக்கம் என்று ஊரறிய அறிவித்தது. முதல் காரியத்தை இரண்டாவது கெடுத்தது. கல்கத்தா வழியாக மதராசுக்கு வந்த ரிச்சர்ட் பாலன்டைன், ராபர்ட் ஸ்கெல்டன் ஆகியோருக்கு முன்பே அந்தச் செய்தி வந்து சேர்ந்திருந்தது. பாலன்டைன் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். 1849இல் சால்ட் லேக்கில் சபையின் முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியவர். கையில் காசில்லாமல், கேட்பவர் தருவதைக் கொண்டே பிழைத்து ஊழியம் செய்வது அன்றைய மார்மன் முறை. துண்டுப் பிரசுரங்களும் ஒரு மாத இதழும் அச்சிட்டார்கள். ஆனால் அவர்கள் நாடியது பெரும்பாலும் ஆங்கிலம் பேசும் வெள்ளையரை. பாதிரிமார்களும் பத்திரிகைகளும் எதிர்த்தன. பாலன்டைன் 1854இல் கப்பலேறினார். ஸ்கெல்டனும் சில ஆண்டுகளில் போய்விட்டார். தமிழரிடம் தமிழில் பேசாத முயற்சி வேறெப்படி முடியும்? பலதார மணத்தைச் சபை 1890இல் கைவிட்டது.

நூறாண்டு கழித்து விதை விழுந்த இடம் கோயம்புத்தூர். பால் திருத்துவதாஸ் என்பவர் கையில் கிடைத்த பிரசுரம் ஒன்றைப் படித்துவிட்டுத் தாமே சபைக்குக் கடிதம் எழுதினார். 1965இல் ஞானஸ்நானம் பெற்றார். மார்மன் புத்தகத்தின் தேர்ந்த பகுதிகள் 1982இல் தமிழில் வந்தன. ஐதராபாத்தில் 1978இல் எட்வின் தர்மராஜு தம்பதியர் சொந்தக்காரர்களிடமே ஊழியத்தைத் தொடங்கினார்கள். இந்த முறை சபை உறவு வழியாகப் பரவியது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஊழியப் பகுதி 1993இல் அமைந்தது.

சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. உலகெங்கும் உறுப்பினர் ஒரு கோடியே எழுபது லட்சத்துக்கும் மேல்; இந்தியாவில் ஏறத்தாழ 15,000. திரித்துவக் கோட்பாட்டை வழக்கமான பொருளில் ஏற்காததால் மற்றச் சபைகள் பலவும் இவர்களைக் கிறிஸ்தவர் வரிசையில் சேர்ப்பதில்லை.

மயிலாப்பூர்க்காரருக்குப் பிஷப் என்றால் சாந்தோம் பேராலயத்தின் பேராயர் நினைவுக்கு வருவார். மார்மன் பிஷப்போ வாரநாளில் வேலைக்குப் போகும் குடும்பஸ்தர், சம்பளம் கிடையாது. அவர் கவனிக்கும் சபை ‘வார்டு’. அதைவிடச் சிறியது ‘கிளை’. பல வார்டுகள் சேர்ந்தால் ‘ஸ்டேக்’. இந்தியாவின் முதல் ஸ்டேக் ஐதராபாத்தில் 2012இல் உருவானது. சென்னையிலும் சபைகள் கூடுகின்றன.

வெள்ளைச் சட்டை, டை, மார்பில் பெயர்ப் பட்டையோடு இரண்டிரண்டு பேராகத் தெருவில் நடப்பவர்கள்தான் ஊழியர்கள். இளைஞர்களுக்கு இரண்டு ஆண்டு, பெண்களுக்குப் பதினெட்டு மாதம். செலவைப் பெரும்பாலும் குடும்பமே ஏற்கிறது. எந்த ஊருக்குப் போவது என்பதைத் தலைமையகம் தீர்மானிக்கும். உறுப்பினர் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குத் தருகிறார்; மது, புகையிலை, தேநீர், காபி தொடுவதில்லை. டிகிரி காபியில் விடியும் மயிலாப்பூரில் கடைசி விதிதான் கடினம்.

இந்தியாவின் முதல் மார்மன் ஆலயம் பெங்களூரில் அமையும் என்று 2018இல் அறிவித்தார்கள். 2020 டிசம்பரில் பணி தொடங்கியது. வார்டுகளிலும் கிளைகளிலும் நடக்கும் ஞாயிறு வழிபாட்டுக்கு யாரும் போகலாம். ஆனால் ஆலயம் பிரதிஷ்டையானபின், சபையாரிலும் அனுமதிச் சீட்டு பெற்றவர்களே உள்ளே நுழைய முடியும்.