கொள்ளைக்கார ஈயை அடையாளம் காண்பது எப்படி?

பொத்தேரி ரயில் நிலையத்தில் இறங்கி ஏரிப் பக்கம் நடந்தால், அடுக்குமாடிகளுக்கு நடுவே இன்னும் சில காலி மனைகள் மிச்சமிருக்கின்றன. சீமைக்கருவேலம், எருக்கு, காய்ந்த புல், துருப்பிடித்த வேலிக்கம்பி. வெயில் ஏறியதும் அந்தக் கம்பியிலோ குச்சி நுனியிலோ ஒரு பூச்சி அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். பழுப்பு நிறம், பின்னால் குறுகிக்கொண்டே போகும் நீண்ட வயிறு, உடம்பெல்லாம் முடி. விருட்டென்று பறக்கும், சில நொடிகளில் திரும்பி வரும். வரும்போது காலிடுக்கில் ஒரு தேனீயோ வண்டோ இருக்கும்.

பார்க்கிறவர்கள் இதைக் குளவி என்பார்கள், சிலர் தட்டான் என்பார்கள். இது ஈ. ஆசிலிடே (கொள்ளைக்கார ஈக்களின் குடும்பம்) என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. உலகம் முழுக்க இதில் 7,000-க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். வெயிலும் வறட்சியும் திறந்த வெளியும் இவற்றுக்குப் பிடிக்கும். ஆக, நம் செங்கல்பட்டுப் பக்கத்துப் புதர்க்காடு இவற்றுக்குத் தோதான இடம்.

ஈ என்று எப்படி உறுதி செய்வது? சிறகை எண்ணுங்கள். குளவிக்கும் தேனீக்கும் தட்டானுக்கும் நான்கு சிறகுகள். ஈக்கு இரண்டுதான். பின்சிறகு இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலை அளவில் இரண்டு சிறு குமிழ்கள் இருக்கும். இவை ஹால்டியர் (பறக்கும்போது நிலை தடுமாறாமல் காக்கும் உறுப்பு). உட்கார்ந்திருக்கும் குளவியின் முன்சிறகும் பின்சிறகும் ஒட்டி ஒன்றாகத் தெரியும் என்பதால் இந்த எண்ணிக்கையில் ஏமாற வாய்ப்பு உண்டு. அதனால் அடுத்து முகத்தைப் பார்க்க வேண்டும்.

முகத்தில் அப்படி என்ன இருக்கிறது? நேர் எதிரே இருந்து பார்த்தால் இரண்டு பெரிய கண்களும் மேலே எழும்பி நிற்க, நடு உச்சந்தலை கயிற்றுக்கட்டில் தொய்ந்த மாதிரி பள்ளமாக இருக்கும். அந்தப் பள்ளத்துக்குள் ஒரு சிறு மேடு, அதன்மேல் மூன்று குட்டிக் கண்கள். என்னைக் கேட்டால், இதைவிட நம்பகமான அடையாளம் வேறு இல்லை. நிறத்தை நம்பாதீர்கள். ஒரே இனத்திலேயே வயதுக்கும் வெளிச்சத்துக்கும் தக்கபடி நிறம் மாறித் தெரியும்.

கண்களுக்குக் கீழே, வாய்க்கு மேலே, விறைப்பான முடிக்கற்றை ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். இதன் பெயர் மிஸ்டாக்ஸ் (முகத்து மீசை). அழகுக்காக வந்ததல்ல. பிடிபட்ட தேனீயோ குளவியோ கடைசி வரை உதைக்கும், கொட்டப் பார்க்கும். அப்போது கண்ணும் முகமும் காயப்படாமல் இருக்க இந்த முடி உதவுகிறது என்கிறார்கள் பூச்சியியலார்.

மீசைக்குக் கீழே குட்டையான, கெட்டியான அலகு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். கொசுவின் ஊசியைப் போல மெலிந்ததல்ல. அதன் உள்ளே கூர்மையான குழல் உண்டு. இரையின் கழுத்து, கண், சிறகு முளைக்கும் இடம் என்று ஓடு மெலிந்த பகுதியாகப் பார்த்து அதைச் செருகும். உள்ளே போகும் எச்சிலில் நஞ்சு இருக்கிறது. இரை மிகச் சீக்கிரம் செயலிழந்துவிடும். அதன் உள்ளுறுப்புகள் கரைந்து கூழாகும். பிறகு நிதானமாக உறிஞ்சிக் குடிக்க வேண்டியதுதான். டோலோபஸ் ஜெனிட்டாலிஸ் என்ற பெரிய ஆஸ்திரேலியக் கொள்ளைக்கார ஈயின் நஞ்சை அந்நாட்டு ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்து 2018-ல் எழுதினார்கள். பூச்சிகளின் நரம்பைத் தாக்கி முடக்கும் நஞ்சு அது.

அப்படியானால் நம்மைக் கடிக்குமா? தேடி வந்து கடிக்காது. இரத்தம் குடிக்காது, நோயும் பரப்பாது. மாட்டு ஈயோடு இதைக் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் பயப்படுகிறார்கள். ஆனால் கையில் பிடித்து இறுக்கினால் தற்காப்புக்காகக் குத்தும், நன்றாகவே வலிக்கும். குழந்தைகளிடம் சொல்லி வையுங்கள்: பார்க்கலாம், பிடிக்கக் கூடாது. வீட்டுக்குள் வந்துவிட்டால் ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி வெளியே விடுங்கள். குத்திவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவி, ஐஸ் ஒத்தடம் கொடுங்கள். மூச்சுத் திணறலோ உடம்பெல்லாம் தடிப்போ வந்தால் எந்தப் பூச்சிக் கடியானாலும் உடனே மருத்துவமனைதான்.

மாடியில் தேனீப்பெட்டி வைத்திருக்கிறேன், இது ஆபத்தா? தேனீயைப் பிடிக்கும், உண்மைதான். ஆனால் ஒரு பெட்டியில் ஆயிரக்கணக்கில் வேலைக்காரத் தேனீக்கள் இருக்கின்றன. வேலியில் உட்கார்ந்திருக்கும் ஒன்றிரண்டு ஈக்களால் கூட்டம் அழியாது. மருந்து அடித்தால் ஈயைவிடத் தேனீக்களே அதிகம் சாகும்.

கொசுவை ஒழிக்குமா? எதிர்பார்க்காதீர்கள். இது பகல் வெயிலில் திறந்த வெளியில் வேட்டையாடுகிறது. நம்மைக் கடிக்கும் கொசு நிழலிலும் இருட்டிலும் பதுங்குகிறது. இரண்டும் சந்திப்பதே குறைவு. தோட்டத்துக்கு வேறு வகையில் உதவி உண்டு. கொள்ளைக்கார ஈயின் புழுப்பருவம் மண்ணிலோ மட்கிய மரத்திலோ கழிகிறது. அங்கேயும் அது வேட்டைக்காரன்தான். செடி வேரைத் தின்னும் வெள்ளைப்புழு போன்ற வண்டுப் புழுக்களை இவற்றில் பல இரையாக்குகின்றன. ஈயின் இந்தப் புழு வாழ்க்கை ஓராண்டோ அதற்கு மேலோ நீளலாம். மனை முழுக்கச் சிமென்ட் போட்டு மூடினால் அடுத்த தலைமுறை வெளியே வர வழியில்லை. வீட்டைச் சுற்றி ஒரு முழம் மண்ணையாவது திறந்து விடுங்கள்.

இப்போது கொஞ்சம் நுணுக்கத்துக்கு வருவோம். நம் ஊரில் தென்படும் எல்லாம் ஒரே இனம் அல்ல. உணர்கொம்பின் நுனி சிறு இறகு போல முடி விட்டிருந்தால் அது ஒம்மாட்டியஸ் என்ற சிறிய வகை. நூல் போல மெலிந்து, பாதத்தில் மெத்தைகளே இல்லாமல் இருந்தால் லெப்டோகாஸ்டர் வகை. மரத்தைத் துளைக்கும் கருவண்டின் வேஷம் போட்டுக்கொண்டு ஹைப்பரேக்கியா என்று ஒன்று திரிகிறது. அசல் கருவண்டா, வேஷக்காரனா என்று அறிய மறுபடியும் சிறகை எண்ணி, முகத்து மீசையைத் தேடினால் போதும்.

வேலிக்கம்பியில் நாம் பார்த்த பெரிய ஈ, ப்ரோமாக்கஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம். இந்தியாவில் பரவலாக உள்ள ப்ரோமாக்கஸ் மாக்குலாட்டஸ் என்ற இனத்துக்கு டென்மார்க் பூச்சியியலாளர் ஃபாப்ரீசியஸ் 1775-லேயே பெயர் வைத்துவிட்டார். ப்ரோமாக்கஸைப் பிரித்தறியச் சிறகு நரம்புகளைப் பார்க்க வேண்டும். முன் விளிம்பை அடுத்து, சிறகின் வெளிப்பாதியில், நரம்புகள் பிரித்த விளிம்படுத்த அறைகள் மூன்று இருக்கும். அதைப் போலவே தோன்றும் ஃபிலோடிகஸுக்கு இரண்டுதான். ஆணா பெண்ணா? வயிற்று நுனியில் பற்றுறுப்பு தடித்துத் தெரிந்தால் ஆண். ப்ரோமாக்கஸ் இனங்கள் பலவற்றில் ஆணின் வால் நுனியில் வெள்ளை முடிக்குஞ்சம் இருக்கும். பெண்ணுக்கு நுனி கூராக முடியும்.

போனில் எடுத்த ஒரு படத்தைக் காட்டினால் இனப்பெயர் கிடைக்குமா? பேரினம் வரை போகலாம், அதுவே நல்ல வெற்றி. அதற்கு மேல் போக ஆணின் பாலுறுப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டியிருக்கும். இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்துக்காக ஜோசப்பும் பாருயியும் எழுதி 1998-ல் வந்த நூலின் முதல் பாகமே இக்குடும்பத்தின் ஒரு பகுதியைத்தான் பேசுகிறது. படத்தைப் பார்த்த மாத்திரத்தில் இனப்பெயர் சொல்கிறவரை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்பேன்.

படம் எடுக்க ஓர் எளிய வழி. அது பறந்து போனாலும் நீங்கள் நகராதீர்கள், பெரும்பாலும் அதே குச்சிக்கோ பக்கத்துக் குச்சிக்கோ திரும்பும். உங்கள் நிழல் அதன்மேல் விழாதபடி குனிந்து, மெதுவாக நெருங்குங்கள். முகம் நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, சிறகு நரம்பு தெரிய மேலிருந்து ஒன்று, வால் நுனி ஒன்று எடுங்கள். வாயில் இரை இருந்தால் அதையும் சேர்த்து எடுங்கள், எது எதைத் தின்கிறது என்ற தகவலுக்கு மதிப்பு அதிகம். உயிரினப் பதிவுகளுக்கான ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றும்போது நாளும் நேரமும் இடமும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெறுமனே 'சென்னை' என்று போடாமல், 'பொத்தேரி, ஏரிக்கரை, வேலிக்கம்பி மேல்' என்று எழுதுங்கள்.