பறக்கும் நேரம் எவ்வளவு? இழப்பீடும் அதைப் பொறுத்தே!

விருதுநகர் மாவட்டம் பாலவனத்தத்திலிருந்து அருப்புக்கோட்டை, காரியாபட்டி வழியாக மதுரை விமான நிலையம் சுமார் 50 கி.மீ. காரில் ஒரு மணி நேரம். அங்கிருந்து சென்னைக்கு ஆகாய வழியில் ஏறத்தாழ 420 கி.மீ.தான். ஆனாலும் டிக்கெட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கும். விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்வதில் தொடங்கி, சென்னையில் போய் நிற்கும் வரை ஊர்ந்து செல்லும் நேரமும் அதில் அடக்கம். 'பிளாக் டைம்' என்பது இதுதான்.

ஊருக்குப் போன் போட்டு 'இத்தனை மணிக்கு வந்துவிடுவேன்' என்று சொல்வதற்கு மட்டுமல்ல, விமானம் ரத்தானால் எவ்வளவு கேட்கலாம் என்பதற்கும் இந்த நேரமே கணக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தில் தூரத்தைப் பார்த்து 250 முதல் 600 யூரோ வரை தருகிறார்கள். இந்தியாவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டி.ஜி.சி.ஏ.) விதி நேரத்தைப் பார்க்கிறது. ஒரு மணி நேரம் வரை 5,000 ரூபாய். இரண்டு மணி நேரம் வரை 7,500. அதற்கு மேல் 10,000.

இதில் ஒரு கொக்கி உண்டு. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இந்த வரம்பு, இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். மதுரை - சென்னை டிக்கெட்டில் அது 3,200 என்றால் இழப்பீடும் 3,200தான். நிறுவனம் மாற்று விமானம் தர வேண்டும்; இல்லையென்றால் முழு டிக்கெட் பணத்தோடு இந்த இழப்பீட்டையும் தர வேண்டும். புயல், கலவரம், வான்வெளி மூடல் போன்றவற்றால் ரத்தானால் இழப்பீடு கிடையாது. முன்கூட்டியே முறைப்படி தகவல் சொல்லி மாற்று ஏற்பாடு செய்துவிட்டாலும் கிடையாது.

தாமதத்துக்கும் இதே அளவுகோல்தான். இரண்டரை மணி நேரத்துக்கு உட்பட்ட பயணம் இரண்டு மணி நேரம் தாமதமானால் சாப்பாடும் சிற்றுண்டியும் தர வேண்டும். ஐந்து மணி நேரம் வரையிலான பயணத்துக்கு மூன்று மணி நேரத் தாமதம். உள்நாட்டு விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்தால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம்.

நம் பக்கத்தில் பலரும் கோட்டை விடுவது இரண்டு இடங்களில். டிராவல்ஸ்காரர் பதிவு செய்யும்போது பயணியின் செல் நம்பருக்குப் பதில் தன் நம்பரைப் போட்டுவிடுவார். ரத்துத் தகவல் அவருக்குப் போகும். தொடர்பு விவரம் சரியாகத் தராதவருக்கு இழப்பீடு இல்லை என்று விதியிலேயே இருக்கிறது. அடுத்தது, மதுரை - சென்னை ஒரு டிக்கெட், சென்னை - சிங்கப்பூர் இன்னொரு டிக்கெட் என்று தனித்தனியாக எடுப்பது. முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், அந்த நஷ்டம் பெரும்பாலும் பயணியின் தலையில்தான் விழும். ஒரே டிக்கெட் என்றால் கேட்க வழியுண்டு.

போர்டிங் பாஸ், எஸ்.எம்.எஸ்., செலவு ரசீதுகளைப் பத்திரப்படுத்த வேண்டும். முதலில் விமான நிறுவனத்திடம் எழுத்தில் புகார். பிறகு மத்திய அரசின் 'ஏர்சேவா' செயலி. 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் விருதுநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனத்தின் தலைமையகம் எங்கிருந்தாலும் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019-ம் ஆண்டு நுகர்வோர் சட்டம் இடம் தருகிறது. கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும்.