பிள்ளை சொன்னால் நம்புங்கள்

பிள்ளைகளுக்கு ஆபத்து வெளி ஆளால்தான் வரும் என்று நினைக்கிறோம். பிள்ளைகளையே கேட்டால் என்ன சொல்கிறார்கள்?

2007-ஆம் ஆண்டு மத்திய அரசு ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களில், 5 முதல் 18 வயது வரை உள்ள 12,447 பிள்ளைகளிடம் பேசினார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். ஆண் பிள்ளைகளும் இதில் உண்டு. தொல்லை கொடுத்தவர்களில் பாதிப் பேர் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்கு உரியவர்கள். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் இதை யாரிடமும் சொல்லவில்லை.

பிள்ளை வாய் திறக்காவிட்டால் தப்பு செய்தவனுக்குத்தான் லாபம்.

2012 நவம்பர் 14 அன்று போக்சோ சட்டம் அமலுக்கு வந்தது. 18 வயதுக்கு உட்பட்ட ஆண், பெண் இருவரையும் இது காக்கிறது. பிள்ளையை விசாரிக்கும் போலீசார் சீருடையில் வரக் கூடாது. இரவில் பிள்ளையை ஸ்டேஷனில் வைக்கக் கூடாது. குற்றம் நடந்தது தெரிந்தும் மறைத்தால் அதுவும் குற்றம்.

வளர்ந்த பிள்ளைதானே, தானாகச் சொல்லும் என்று இருந்துவிடாதீர்கள். தினமும் பேசுங்கள். 'அந்த வீட்டுக்குப் போக மாட்டேன்' என்று பிள்ளை சொன்னால் அதட்டாதீர்கள். மெல்லக் கேளுங்கள். 'உன் மேல் தப்பு இல்லை' என்று சொல்லுங்கள். உதவிக்கு 1098-க்குப் போன் செய்யுங்கள். அதற்குக் காசு இல்லை.