மரீனா பே சாண்ட்ஸ் உணவகங்கள்

மரீனா பே சாண்ட்ஸ் என்பது சிங்கப்பூரின் நகர மையத்தில், கடலை நிரப்பி உருவாக்கப்பட்ட நிலத்தில் அமைந்துள்ள ஒரு தங்குவிடுதித் தொகுதி ஆகும். இது 2010 இல் திறக்கப்பட்டபோது, உலகப் புகழ் பெற்ற சமையற் கலைஞர்களின் உணவகங்கள் இதன் முக்கிய ஈர்ப்புகளுள் ஒன்றாக அமைந்தன. அவற்றுட் பல பின்னர் மூடப்பட்டன அல்லது வேறு பெயர் பெற்றன.

பின்னணி

சூதாட்டக் கூடங்களுடன் கூடிய இரண்டு ஒருங்கிணைந்த உல்லாசத் தொகுதிகளை அனுமதிக்கும் முடிவைச் சிங்கப்பூர் அரசு 2005 இல் அறிவித்தது. மரீனா விரிகுடாவில் அமையவிருந்த தொகுதிக்கான உரிமையை 2006 இல் அமெரிக்க நிறுவனமான லாஸ் வேகாஸ் சாண்ட்ஸ் பெற்றது. கட்டிடக் கலைஞர் மோசே சாஃப்டி இதனை வடிவமைத்தார். 55 மாடிகள் கொண்ட மூன்று கோபுரங்களின் மீது 340 மீட்டர் நீளமான வான்பூங்கா அமைந்துள்ளது.

புகழ் பெற்ற சமையற் கலைஞர்களை விடுதிக்குள் கொண்டுவரும் வழக்கம் லாஸ் வேகாஸ் நகரில் வளர்ந்தது. அங்கு வுல்ஃப்காங் பக் 1992 இல் திறந்த ஸ்பாகோ உணவகம் இதற்கு வழிகாட்டியாக அமைந்தது. மரீனா பே சாண்ட்சில் வுல்ஃப்காங் பக், கீ சவ்வா, டானியல் பூலூ, மாரியோ பட்டாலி, டெட்சுயா வகுடா, சாந்தி சாந்தமரியா ஆகியோர் இடம்பெற்றனர்.

ஒப்பந்த முறைகள்

விடுதிகளில் உணவகங்கள் பொதுவாக மூன்று முறைகளில் இயங்குகின்றன. முதலாவது, இடத்தை வாடகைக்கு விடுதல். இதில் வாடகையுடன் விற்பனையில் ஒரு பங்கும் பெறப்படுவதுண்டு. இரண்டாவது, உணவகம் விடுதிக்குச் சொந்தமாக இருக்க, அதனை நடத்தும் பொறுப்பை வெளியாரிடம் ஒப்படைத்தல். மூன்றாவது, சமையற் கலைஞரின் பெயரையும் உணவு முறையையும் பயன்படுத்த உரிமம் பெறுதல். உணவகம் ஒருவரின் பெயரைச் சார்ந்து நிற்கும்போது, அவருக்கு நேர்வது உணவகத்தையும் பாதிக்கிறது.

மாற்றங்கள்

* சாந்தி: கத்தலோனியாவைச் சேர்ந்த சாந்தி சாந்தமரியா, 2011 பெப்ரவரி 16 அன்று இவ்விடுதியிலிருந்த தம் உணவகத்திலேயே மாரடைப்பால் காலமானார். அவருக்குப் பின் அவ்வுணவகம் நீண்டகாலம் நீடிக்கவில்லை.
* கீ சவ்வா: இப்பிரெஞ்சு உணவகம் 2014 இல் மூடப்பட்டது. சிங்கப்பூருக்கான முதல் மிச்லின் வழிகாட்டி 2016 இலேயே வெளிவந்தது. எனவே இது அங்கு மதிப்பிடப்படவில்லை.
* கூ டே டா: வான்பூங்காவில் இருந்த இவ்வுணவகம், பாலித் தீவில் அதே பெயரில் முன்பே இயங்கிய உணவகத்துடன் எழுந்த பெயருரிமை வழக்கைத் தொடர்ந்து 2015 இல் சே லா வி எனப் பெயர் மாற்றம் பெற்றது.
* ஆஸ்டெரியா மொட்சா: மாரியோ பட்டாலி மீது 2017 திசம்பரில் பாலியல் முறைகேட்டுக் குற்றச்சாட்டுகள் வெளியாயின. லாஸ் வேகாஸ் சாண்ட்ஸ் அவருடனான உறவை முறித்துக்கொண்டது. அவருடன் தொடர்புடைய இரு மொட்சா உணவகங்களும் 2018 இல் மூடப்பட்டன. பாஸ்டன் நகரில் அவர் மீது தொடரப்பட்ட குற்றவியல் வழக்கிலிருந்து 2022 இல் அவர் விடுவிக்கப்பட்டார்.
* டிபி பிஸ்ட்ரோ: டானியல் பூலூவின் இவ்வுணவகத்துக்குப் பதிலாக, 2023 இல் அவருடைய மேசோன் பூலூ திறக்கப்பட்டது.

நீடித்தவை

வுல்ஃப்காங் பக்கின் கட் உணவகம் 2010 இல் தொடங்கிப் பத்தாண்டுகளைக் கடந்தும் இயங்கியது. 2016 இல் ஒரு மிச்லின் விண்மீனைப் பெற்றது. மூடப்பட்ட பெயர்கள் வேறிடத்தில் மீண்டும் தோன்றுவதும் உண்டு. மொட்சாவின் நிறுவனர்களுள் ஒருவரான நான்சி சில்வர்டன், அதே பெயரில் 2022 இல் சிங்கப்பூரின் ஆர்ச்சர்ட் சாலையிலுள்ள ஹில்டன் விடுதியில் உணவகம் ஒன்றைத் திறந்தார்.