நூறு பேரில் எத்தனை பேர்?

மாணவர்களே, கருத்தடை முறைகளைப் பற்றி முதலாம் படிவ அறிவியலில் படித்திருப்பீர்கள். அவற்றில் எது அதிகப் பலன் தரும் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

நம் நாட்டில் இந்தக் கேள்வி புதிதல்ல. சுபாங் ஜெயாவிலிருந்து இயங்கும் மலேசிய இனப்பெருக்க நலச் சங்கங்களின் கூட்டமைப்பு 1958இல் தொடங்கப்பட்டது. அரசாங்கம் குடும்பக் கட்டுப்பாட்டுக்கென 1966இல் சட்டம் இயற்றியது.

விஞ்ஞானிகள் முறைகளை இப்படி ஒப்பிடுகிறார்கள்: ஒரு முறையை 100 பெண்கள் ஓராண்டு பயன்படுத்தினால் எத்தனை பேர் கருவுறுவார்கள்? எந்த முறையும் இல்லையென்றால் சுமார் 85 பேர்.

கருத்தடை மாத்திரையில் உள்ள ஹார்மோன்கள் சினைமுட்டை வெளிவருவதைத் தடுக்கின்றன. நாள் தவறாமல் விழுங்கினால் ஒருவர்கூடக் கருவுறுவது அரிது. ஆனால், நடைமுறையில் சுமார் 7 பேர் கருவுறுகிறார்கள். காரணம், மறதி! ஆணுறை விந்தணுவை உள்ளே விடாமல் தடுக்கிறது. ஒவ்வொரு முறையும் சரியாக அணிந்தால் 2 பேர். நடைமுறையில் சுமார் 13 பேர்.

கருப்பைக்குள் வைக்கும் செப்பு வளையமும், கைத்தோலுக்கு அடியில் பொருத்தும் ஹார்மோன் குச்சியும் வேறு மாதிரி. மருத்துவப் பணியாளர் ஒருமுறை பொருத்திவிட்டால் சில ஆண்டுகளுக்கு நினைவில் வைக்க வேண்டியது எதுவுமில்லை. அதனால் நடைமுறையிலும் ஒருவருக்கும் குறைவே.

அப்படியானால் ஆணுறை மட்டமானதா? இல்லை. மேலே சொன்னவற்றில் எச்.ஐ.வி. போன்ற பால்வினை நோய்களிலிருந்தும் காப்பது அது ஒன்றுதான். நம் தாத்தா பாட்டி தோட்டத்தில் மரம் சீவி எடுத்த அதே ரப்பர் பால்தான் அதன் மூலப்பொருள். உலகிலேயே அதிகமாக ஆணுறை தயாரிக்கும் கேரெக்ஸ் நிறுவனமும் மலேசியாவைச் சேர்ந்ததே.

ஆகவே எல்லாருக்கும் பொருந்தும் ஒரே முறை கிடையாது. உயர் இரத்த அழுத்தம் உள்ளவருக்கு மாத்திரை ஆகாமல் போகலாம். செப்பு வளையம் மாதவிடாய் இரத்தப்போக்கைக் கூட்டலாம். மருத்துவர் ஆலோசனை அவசியம். உடலுறவைத் தவிர்ப்பது மட்டுமே முழுப் பாதுகாப்பு.

"முதல் தடவை கரு தங்காது", "உடனே கழுவிவிட்டால் போதும்" என்று நண்பர்கள் சொன்னால் நம்பாதீர்கள். இரண்டும் பொய். "99 விழுக்காடு பாதுகாப்பு" என்று யாராவது சொன்னாலும் ஒன்று கேளுங்கள்: அது தவறே செய்யாதவருக்கா, நம்மைப் போல் மறக்கக்கூடியவருக்கா?