தாமதத்தைப் பின்னிய அம்மாள்

ரயில் தாமதமானால் நாம் என்ன செய்வோம்? ரயில்வேயைத் திட்டுவோம், ஒரு டீ குடிப்போம், மறுபடியும் திட்டுவோம். ஜெர்மனியில் மூனிக் நகருக்கு அருகே வசிக்கும் ஓர் அம்மாள் வேறொன்று செய்தார். ஊசியும் கம்பளி நூலும் எடுத்துக்கொண்டு பின்ன உட்கார்ந்துவிட்டார்.

தினமும் ரயிலில் வேலைக்குப் போய் வருபவர் அவர். 2018ஆம் ஆண்டு முழுவதும், நாளுக்கு இரண்டு வரிசை வீதம் ஒரு மஃப்ளர் பின்னினார். தாமதம் 5 நிமிடத்துக்குள் என்றால் சாம்பல் நிறம். 5 முதல் 30 நிமிடம் வரை இளஞ்சிவப்பு. 30க்கு மேல் போனாலோ, போக வர இரண்டு வேளையும் தாமதமானாலோ சிவப்பு. கோடையில் பாதை வேலை நடந்த நாட்களில் சிவப்பு பட்டையாக விழுந்துவிட்டது.

பத்திரிகையாளரான அவர் மகள் 2019 ஜனவரியில் அதைப் படமெடுத்து ட்விட்டரில் போட, உலகமே பார்த்தது. ஏலத்தில் 7,550 யூரோவுக்குப் போனது. அந்தப் பணம் ரயில் நிலையங்களில் உதவி தேடுவோருக்குக் கைகொடுக்கும் தொண்டு அமைப்புக்குச் சேர்ந்தது.

நூலில் கணக்கு எழுதுவது புதிதல்ல. காஞ்சிபுரத்துத் தறியின் மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். அட்டையில் துளை இருந்தால் பாவு நூல் எழும், இல்லையென்றால் கிடக்கும். கம்ப்யூட்டரின் ஒன்றும் பூஜ்யமும் இதே தத்துவந்தான். அமெரிக்காவில் 2017 முதல் ஒரு குழுவினர், ஓர் ஊரின் தினசரி அதிகபட்ச வெப்பத்தை நாளுக்கு ஒரு வரிசையாகப் பின்னி வருகிறார்கள்.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது மஃப்ளர்தான். இருப்புப்பாதைப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். எங்கள் கன்ட்ரோல் அறையிலும் ஒரு சித்திரம் உண்டு. கீழே நேரம், பக்கத்தில் ஸ்டேஷன்கள். ஒவ்வொரு ரயிலுக்கும் வண்ண பென்சிலில் ஒரு சாய்கோடு. ரயில் நின்றால் கோடு படுத்துவிடும். இப்போது அதைக் கம்ப்யூட்டரே வரைகிறது.

மாதக் கடைசியில் அத்தனை கோடுகளும் ஒரு சதவீதமாகிவிடும். கடைசி ஸ்டேஷனை 15 நிமிடத்துக்குள் அடைந்தால் நம் ரயில்வேயில் அது நேரத்துக்கு வந்த வண்டி. 16 நிமிடம் பிந்தினாலும், 4 மணி நேரம் பிந்தினாலும், சதவீதக் கணக்கில் இரண்டும் ஒன்றே.

ஸ்லீப்பர் மாற்றும் இடங்களில் வேகத்தை 20 கிலோமீட்டருக்குக் குறைத்துப் பலகை நட்டவன் நான். அது செய்யாவிட்டால் பாதை பத்திரமாக இராது. எத்தனை நிமிடம் இழப்பு என்று மட்டும் கேட்பார்கள். நானும் நிமிடத்தையே சொல்வேன்.

இந்த மஃப்ளர் கதையைப் படித்துவிட்டு நான் சிரித்தேன். தில்லிக்கு வந்த புதிதில் பக்கத்து வீட்டுப் பஞ்சாபி மாமியிடம் ஸ்வெட்டர் பின்னக் கற்றுக்கொண்ட என் மனைவி சிரிக்கவில்லை.

“உங்க அப்பா தவறினப்ப ஊருக்குப் போனோமே, அந்த நாளுக்கு என்ன கலர் போடறது?” என்று கேட்டாள்.

அன்று வண்டி 4 மணி நேரம் தாமதம். நாங்கள் வீடு சேர்ந்தபோது மயானத்திலிருந்து எல்லாரும் திரும்பிவிட்டார்கள். அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. வழியில் எங்கோ என்னைப்போல ஒருவர் அவசியமான வேலைதான் செய்துகொண்டிருந்திருப்பார். அவர் மேல் குறையில்லை. ஆனால் நான் பலகை நட்ட இடங்களில் யார் யார் எதற்காக விரைந்துகொண்டிருந்தார்கள் என்று பணியில் இருந்தவரை ஒருநாளும் நினைத்ததில்லை.

இந்தக் குளிர்காலத்தில் மனைவி பின்னத் தொடங்கியிருக்கிறாள். ஊருக்குப் போன பயணம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரிசை. பழைய டைரியைப் பார்த்து நான் நேரம் சொல்கிறேன். நம் சங்கத்துச் சகோதரிகளும் முயலலாம். வேண்டியதெல்லாம் மூன்று நிற நூல், ஒரு டைரி, மறைக்காமல் கணக்குச் சொல்லும் மனது.